நெல்வயல் பாக்டீரியாவை ஜெர்மனிக்கு அனுப்பும் முன்

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நீங்கள் தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியர். நெல்வயல் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த 40 பாக்டீரியாக்கள் கையில் இருக்கின்றன. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் கூட்டாய்வுக்கு அழைக்கிறது. பாக்டீரியாக்களையும் கொஞ்சம் மண்ணையும் அனுப்புங்கள், மரபணு வரிசையை நாங்கள் படிக்கிறோம், சேர்ந்து கட்டுரை எழுதலாம், ரசாயனச் செலவுக்கு 8,000 யூரோ தருகிறோம், எங்கள் பிஎச்டி மாணவர் இரண்டு மாதம் உங்களிடம் வந்து தங்குவார் என்கிறார்கள். துறைத்தலைவர் எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், போட்டால் போதும் என்கிறார். சக ஆசிரியர் ஒருவர் வம்பே வேண்டாம் என்கிறார். எந்த அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கும் கவலை வேறு: மூன்று வருடம் கழித்து யாராவது கோப்பைத் திறந்தால் மாட்டிக்கொள்வது நானா? அதற்கே பதில் சொல்கிறேன்.

துறைத்தலைவர் சொல்வதும் சரியில்லை, சக ஆசிரியர் சொல்வதும் சரியில்லை. எம்ஓயு என்பது இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்ய விரும்புவதாகச் சொல்லும் தாள், அவ்வளவுதான். அந்தத் தாளை நீட்டினால் எந்தச் சட்டமும் விலக்கு தருவதில்லை. சட்டங்கள் பார்ப்பது எல்லையைத் தாண்டுவது எது என்பதை. உங்கள் திட்டத்தில் உயிருள்ள பாக்டீரியா வளர்ப்பு, மண், தரவு, பணம், ஆள் ஆகிய ஐந்தும் தாண்டுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி அலுவலகம். ஆகவே எம்ஓயுவை ஒதுக்கி வைத்துவிட்டு, எது, எவ்வளவு, யாரிடமிருந்து யாருக்கு, எதற்காகப் போகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுதி முடிக்கும்போதே பாதிப் பொருள்கள் போக வேண்டிய தேவையே இல்லை என்று தெரிந்துவிடும்.

அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அந்த 40 பாக்டீரியாக்களும் எவை என்று முதலில் தெரிய வேண்டும். இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு ஸ்கோமெட் என்று பெயர். வெளிநாட்டு வணிக இயக்குநரகமான டிஜிஎஃப்டி அதை வெளியிடுகிறது. அதன் இரண்டாம் பிரிவு நுண்ணுயிரிகளுக்கும் நச்சுகளுக்கும் உரியது. உயிரியல் ஆயுதமாக மாறக்கூடிய கிருமிகள் அதில் இருக்கின்றன, அவற்றில் சில மண்ணிலேயே வாழ்பவை. ஆந்த்ராக்ஸ் தரும் பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், மெலியாய்டோசிஸ் தரும் பர்க்கோல்டேரியா சூடோமல்லை, நச்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் மூன்றுமே அப்படி. இவற்றை உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1992ஆம் ஆண்டின் வெளிநாட்டு வணிகச் சட்டமும், பேரழிவு ஆயுதங்கள் தொடர்பான 2005ஆம் ஆண்டுச் சட்டமும் பாயும். தெரியாமல் செய்தேன் என்பதை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

பாக்டீரியாவை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் 16எஸ் மரபணுவின் வரிசையைப் பார்த்துவிட்டோமே, பேசில்லஸ் என்று வந்ததே என்பீர்கள். சிக்கலே அங்கேதான். பேசில்லஸ் சீரியஸ், துரிஞ்சியென்சிஸ், ஆந்த்ராசிஸ் மூன்றுக்கும் 16எஸ் மரபணு கிட்டத்தட்ட ஒன்றே. அந்தக் கூட்டத்தில் விழும் எந்த வளர்ப்பையும் 16எஸ் மட்டும் வைத்து "நோய்க்கிருமி அல்ல" என்று கையெழுத்திட முடியாது. ஆந்த்ராசிஸின் வீரியம் பிஎக்ஸ்ஓ1, பிஎக்ஸ்ஓ2 என்ற இரண்டு பிளாஸ்மிட்களில், அதாவது தனியாக நிற்கும் சிறு டிஎன்ஏ வளையங்களில், இருக்கிறது. அவற்றில் உள்ள நச்சு மரபணுவுக்கும் உறை மரபணுவுக்கும் பிசிஆர் (குறிப்பிட்ட மரபணு இருக்கிறதா என்று காட்டும் சோதனை) வைத்து இரண்டும் இல்லை என்று காட்ட வேண்டும். பர்க்கோல்டேரியா இன்னும் நெருக்கமான விஷயம், ஏனென்றால் அது நெல்வயல் ஈரமண்ணுக்கு உரிய கிருமி. தமிழ்நாட்டிலும் கர்நாடகக் கடலோரத்திலும் மெலியாய்டோசிஸ் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். தீங்கில்லாத தாய்லாண்டென்சிஸ் இனத்தின் 16எஸ் வரிசையும் சூடோமல்லையின் வரிசையும் மிக நெருக்கம். இரண்டையும் பிரிக்க டிடிஎஸ்1 எனப்படும் மூன்றாம் வகைச் சுரப்பு மரபணுக் கூட்டத்தைக் குறிவைக்கும் பிசிஆர் உண்டு.

பிசிஆர் வரும்வரை எளிய எச்சரிக்கை ஒன்று போதும். கிராம் நெகடிவ், ஆக்ஸிடேஸ் பாசிடிவ், ஜென்டமைசின், கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காது, கோ அமாக்ஸிகிளாவுக்கு அடங்கும் என்று ஒரு வளர்ப்பு வந்தால் அந்தத் தட்டைத் திறந்த மேசையில் தொடாதீர்கள். டேப் ஒட்டி மூடி, தனியாகப் பூட்டி, கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத்தில் சொல்லி, மெலியாய்டோசிஸைக் கண்டறியும் வசதியுள்ள மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தோடு பேசுங்கள். மண் வாசனை வருகிறதா என்று தட்டை மோந்து பார்க்கும் பழக்கம் நம் ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்தலாம். நாற்பதில் இப்படி ஒன்றுகூட வராமலே போகலாம். ஆனால் வரவில்லை என்பதற்கு ஆவணம் இருக்க வேண்டும். அந்த ஆவணத்தைத்தான் பின்னால் ஏர்லைன்ஸ், கஸ்டம்ஸ், ஜெர்மனியின் உயிரிப் பாதுகாப்பு அதிகாரி எல்லாரும் கேட்பார்கள்.

இனி சட்டத்துக்கு வருவோம். உங்களை நேரடியாகத் தொடுவது 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், சுருக்கமாகப் பல்லுயிர்ச் சட்டம். தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு வசதி: இதை நிர்வகிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பெறுபவர் வெளிநாட்டு நிறுவனம் என்பதால், ஆய்வுக்கென்றாலும் பிரிவு 3இன் கீழ் முன் அனுமதி தேவை. இந்திய ஆய்வாளர் தன் அடிப்படை ஆய்வுக்காக மாதிரியை வெளியே அனுப்ப எளிய வழி ஒன்று 2014 வழிகாட்டுதல்களில் வந்தது. பேராசிரியர்கள் "படிவம் பி" என்று சொல்வது அதைத்தான். 2023இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் புதிய விதிகள் வந்து, படிவங்கள் மாறிவிட்டன. நண்பர் அனுப்பிய பழைய பிடிஎஃப்பை நிரப்பாமல், ஆணையத்தின் இணையதளத்தில் அன்றைக்கு இருக்கும் படிவத்தை எடுங்கள். உங்கள் திட்டத்தில் ஜெர்மானியர்களும் ஆய்வாளர்களாக இருப்பதால் எந்த வழி பொருந்தும் என்பது, ஆய்வை நடத்துபவர் யார் என்று எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திட்டச் சுருக்கம் ஒரு பக்கம் எழுதி ஆணையத்துக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை சார்" என்று யாரோ சொன்னது கோப்பில் நிற்காது.

கூட்டாய்வுக்குப் பிரிவு 5இல் விலக்கு இருக்கிறதே என்று உங்கள் கல்லூரியில் ஒருவர் நிச்சயம் சொல்வார். விலக்கு இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசின் வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டு, மத்திய அரசு ஒப்புதல் தந்த கூட்டாய்வுக்கு மட்டும். அந்த வழிகாட்டுதல்கள் 2006இல் வந்தவை. அறிவியல் தொழில்நுட்பத் துறையும் ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியும் சேர்ந்து தரும் திட்டம் போன்ற அரசு வழியில் உங்கள் ஆய்வு வந்திருந்தால் பிரிவு 5 பக்கம் போகலாம். இரண்டு பேராசிரியர்கள் மாநாட்டில் சந்தித்துக் கை குலுக்கிய திட்டம் அதற்குள் வராது, இரண்டு முதல்வர்களும் கையெழுத்திட்ட எம்ஓயு இருந்தாலும் வராது. மீறினால் முன்பு சிறைத் தண்டனை வரை இருந்தது. 2023 திருத்தம் சிறையை எடுத்துவிட்டு 1 லட்சம் முதல் 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. கல்லூரி ஆசிரியருக்கு இதை ஆறுதல் என்று சொல்ல மாட்டேன்.

வளர்ப்பே போக வேண்டாம், வரிசையை இங்கேயே படித்துத் தரவை மட்டும் அனுப்பலாமே என்ற யோசனை உங்களுக்கு வந்திருந்தால், பாதி நல்ல யோசனை. பாக்டீரியா மரபணுத்தொகுதியை இந்தியாவிலேயே கட்டணத்துக்குப் படித்துத் தருகிறார்கள். மண், கிருமி, விமானம், கஸ்டம்ஸ் எல்லாம் ஒரேயடியாக விலகிவிடும். விலகாதது பிரிவு 4. இந்திய உயிரினத்தின் மீது நடந்த ஆய்வின் முடிவை வெளிநாட்டவருக்குத் தரவும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. ஆய்விதழில் வெளியிடுவதும் கருத்தரங்கில் வாசிப்பதும் அரசு வழிகாட்டுதலுக்கு உட்பட்டு இதற்கு விலக்கு. இதுவரை உறுதி. வெளியிடும் முன் கூட்டாளிக்குப் போகும், இன்னும் அலசப்படாத வரிசைத் தரவு "முடிவு" ஆகுமா என்பதில்தான் வாதம் இருக்கிறது. உலக அளவிலும் இது இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2024இல் கொலம்பியாவின் காலி நகரில் கூடிய பல்லுயிர் மாநாடு, வரிசைத் தரவால் லாபம் பார்ப்பவர்கள் பங்கு செலுத்தக் காலி நிதி என்ற ஒன்றை ஏற்படுத்த முடிவெடுத்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அதிலிருந்தே தெரியும். என் கருத்தில் விண்ணப்பத்திலேயே தரவையும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது, கூடுதலாக ஒரு பத்திதான் எழுத வேண்டியிருக்கும். இந்தியப் பொது நிதியில் உருவான தரவு என்றால் ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலும் அதைச் சேர்க்க வேண்டியிருக்கும். டிஎன்ஏவைப் பிரித்து அனுப்பினால் சட்டத்துக்கு வெளியே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் வரையறையில் மரபுப் பொருளும் சேர்த்தி. ஆனால் உயிருள்ள கிருமியை அனுப்பும் தலைவலி டிஎன்ஏவில் இல்லை என்பதும் உண்மை.

மண்ணை அனுப்பாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் தாவர நோய்க்குப் பயந்து வெளிநாட்டு மண்ணைத் தடுத்து வைத்திருக்கிறது. ஆய்வுக்கென்றால் அந்த நாட்டுத் தாவரப் பாதுகாப்பு அலுவலகம் தரும் அனுமதிக் கடிதம் முன்கூட்டியே வந்து, அதன் நகல் பொட்டலத்தோடு போக வேண்டும். அதை வாங்க வேண்டியது ஜெர்மன் ஆய்வகம். அது இல்லாமல் போகும் மண் விமான நிலையத்திலேயே அழிக்கப்படலாம். அவர்களுக்கு மண்ணின் அமிலத்தன்மையும் சத்துகளும்தான் தேவை என்றால் இங்கேயே பரிசோதித்து எண்களை அனுப்புங்கள்.

வளர்ப்புகளைப் பொறுத்தவரை உலர் பனிக்கட்டியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். உறைநிலையில் உலர்த்தி ஆம்பூல் என்ற மூடிய கண்ணாடிக் குப்பிகளில் அடைத்தவை சாதாரண வெப்பநிலையில் பயணம் செய்யும். கிளிசராலில் உறையவைத்த வளர்ப்பை உலர் பனிக்கட்டியில் வைத்தால் அது யுஎன்1845 என்ற தனி ஆபத்துப் பொருளாகிவிடும், வாயு வெளியேற வழியும் பெட்டி மேல் நிகர எடையும் வேண்டும், கஸ்டம்ஸில் மூன்று நாள் நின்றால் உருகி எல்லாம் பாழ். நோய் தராதவை என்று உறுதியான வளர்ப்புகளுக்கு விமான ஆபத்துப் பொருள் விதி பொருந்தாது. நோய் தரக்கூடும் என்றாலும் கீழே சொல்லும் ஏ வகையில் சேராதவை பி வகையில் யுஎன்3373 என்ற குறியோடு மூன்றடுக்குப் பெட்டியில் போகும்: கசியாத குழாய், உறிஞ்சும் பஞ்சு, கசியாத இரண்டாம் உறை, கெட்டியான வெளிப்பெட்டி. முதல் இரண்டு கலங்களில் ஒன்றாவது 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும். சூடோமல்லை, ஆந்த்ராசிஸ் வளர்ப்புகள் ஏ வகை, யுஎன்2814. அவற்றைத் தெரியாமல் 3373 என்று ஒட்டி அனுப்புவதுதான் இந்த முழு வேலையிலும் மிகப் பெரிய தவறு. மேலே அடையாளம் காண்பதைப் பற்றி அவ்வளவு சொன்னது அதனால்தான். பொட்டலத்தோடு போகும் சரக்குச் சீட்டான வேபில்லில் "சாம்பிள்" என்று மட்டும் எழுதாமல், உறைநிலையில் உலர்த்திய நோய் தராத பாக்டீரியா வளர்ப்பு, ஆய்வுக்கு மட்டும், இத்தனை ஆம்பூல் என்று எழுதுங்கள். விற்பனைக்கு இல்லை என்றாலும் பெயருக்கு ஒரு மதிப்பு போடுங்கள், பூஜ்யம் என்று எழுதிய பொட்டலம் கவுண்டரில் நிற்கும். திங்களன்று அனுப்புங்கள். வெள்ளியன்று போய் இறங்கும் பொட்டலம் வார இறுதி முழுக்கக் கிடங்கில் கிடக்கும்.

ஜெர்மன் ஆய்வகத்துக்கும் இந்தக் காகிதங்கள் தேவை என்பதை நினைவில் வைத்தால் பேச்சு எளிதாகும். மரபு வளங்களைப் பெறுவதையும் அவற்றின் பலனைப் பகிர்வதையும் பற்றிய நகோயா ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை 511/2014இன்படி, மரபு வளத்தைச் சட்டப்படி பெற்றோம் என்று காட்டும் பொறுப்பு பயன்படுத்துபவருடையது. பயன்பாடு முடிந்த பிறகும் 20 வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். ஆணையத்தின் அனுமதி எண் இல்லாத வளர்ப்பு அவர்களுக்கும் சுமைதான். எங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை, சும்மா தபாலில் போடுங்கள் என்று அந்தப் பக்கம் சொன்னால், அந்த ஆய்வகத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அது.

புதிய இனம் ஒன்று கிடைத்துவிட்டால் ஒரு முடிச்சு விழும். பாக்டீரியாப் பெயரிடல் விதிப்படி, புதிய இனத்தின் மாதிரி வளர்ப்பு குறைந்தது இரண்டு நாடுகளில் உள்ள இரண்டு பொது வளர்ப்பு மையங்களில் தடையில்லாமல் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பெயர் செல்லாது. அதில் ஒன்று நிச்சயம் வெளிநாடு, அதற்கும் ஆணையத்தின் சம்மதம் வேண்டும். நம் சட்டத்தின் பிரிவு 39 புதிய இனத்தை இங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. எனவே எதையும் வெளியே அனுப்பும் முன் சண்டிகரில் உள்ள நுண்ணுயிரி வளர்ப்புக் காப்பகமான எம்டிசிசி போன்ற மையத்தில் ஒரு பிரதியை வைத்து எண் வாங்கிவிடுங்கள். பிறகு யார் என்ன சொன்னாலும் மூலம் இங்கே இருக்கிறது.

பணத்தில்தான் நல்ல மனிதர்கள் அதிகம் சிக்குகிறார்கள். உங்கள் கல்லூரியை நடத்துவது ஒரு டிரஸ்ட் என்றால், அந்த 8,000 யூரோ, வெளிநாட்டிலிருந்து வரும் நிதியை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் கீழ் வெளிநாட்டுப் பங்களிப்பு. டிரஸ்டுக்குப் பதிவோ, இந்தத் தொகைக்கென்று உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதியோ இல்லாமல் ஒரு யூரோகூட வரக் கூடாது. உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கிச் செலவு செய்து பில் காட்டலாம் என்பதை மறந்தே விடுங்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பணம் டெல்லி ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையில் உள்ள குறிப்பிட்ட கணக்கில்தான் முதலில் வந்து விழ வேண்டும். பதிவுள்ள இன்னொரு நிறுவனம் வாங்கி உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது, அந்தத் திருத்தமே அதை மூடியது. பணம் வேண்டாம், பரிசோதனை கிட்டுகளை வாங்கி அனுப்பட்டும் என்றால் அதுவும் தப்பிக்க வழியில்லை, சட்டத்தில் பொருளும் பங்களிப்புதான். என் யோசனை, அந்தத் தொகையை அவர்கள் தங்கள் நாட்டிலேயே ஆய்வுக்குச் செலவிடட்டும், உங்கள் ரசாயனத்துக்கு இந்திய நிதியைத் தேடுங்கள். செய்த வேலைக்குக் கட்டணமாக வாங்குவது வேறு வகை என்ற வாதம் உண்டு. கல்லூரிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆடிட்டர் எழுத்தில் சொல்லட்டும்.

ஒப்பந்தம் என்றால் எம்டிஏ, அதாவது பொருள் பரிமாற்ற ஒப்பந்தம். அதில் கையெழுத்திட வேண்டியவர் நீங்கள் அல்ல, கல்லூரிச் செயலாளரோ முதல்வரோ. எத்தனை வளர்ப்பு, என்னென்ன எண், எந்த ஆய்வுக்கு மட்டும், மூன்றாம் நபருக்குத் தரக் கூடாது, துணை வளர்ப்புக்கும் இதே நிபந்தனை, திட்டம் முடிந்தால் அழிப்பதா திருப்புவதா என்பவை இருந்தாக வேண்டும். அவர்களுக்கு நிதி தருவது யார், நிறுவனம் ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள், அது அநாகரிகம் இல்லை. காப்புரிமை பற்றி இரண்டு வரி அவசியம்: இந்திய உயிரினத்தை வைத்துக் காப்புரிமை எடுத்தால் பல்லுயிர்ச் சட்டத்தின் பிரிவு 6 வரும், அதாவது ஆணையத்திடம் போக வேண்டும். நீங்கள் கண்டுபிடிப்பாளராக இருந்து முதல் விண்ணப்பம் வெளிநாட்டில் போடப்படுமானால், இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 39இன்படி இங்கிருந்து முன் அனுமதி வேண்டும், அல்லது இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். எண் ஒன்று என்பதால் இதையும் பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஐயும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பின்னால் அவர்கள் கருவி தருவதாகச் சொன்னால் அதையும் பாருங்கள். நோய்க்கிருமி வளர்க்க ஏற்ற, 20 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் ஃபெர்மென்டர் அங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

மாணவர் வருகைக்குக் கடைசியாக வருகிறேன், இதில் அவசரப்பட்டால் போலீஸ் வரை போகும். அவர் வர வேண்டியது ரிசர்ச் விசாவில், டூரிஸ்ட் விசாவில் அல்ல. கல்லூரி விடுதியில் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். அவருக்கென்று தனி அனுமதி வரும்வரை வயலில் இறங்கி மண்ணோ செடியோ பூச்சியோ அவர் கையால் எடுக்கக் கூடாது, உங்கள் மாணவர் எடுப்பதைப் பார்க்கலாம். 2008இல் டார்ஜீலிங் பக்கம் சிங்கலிலா தேசியப் பூங்கா அருகே அனுமதியில்லாமல் பூச்சி சேகரித்த செக் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் கைதாகி, பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் தண்டனையும் பெற்றார்கள். ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் நாலு குழாயைப் போட்டுக்கொண்டு போகட்டும் என்று உங்கள் ஆய்வகத்தில் யாராவது சொல்வார்கள். அந்தக் குழாய்களும் மேலே சொன்ன அதே அனுமதியில்தான் போக வேண்டும்.

நாளையே தொடங்குவதென்றால் வளர்ப்புப் பதிவேட்டில் தொடங்குங்கள். குறியீடு, எடுத்த ஊர், வயல்காரர் சம்மதம், தேதி, எடுத்தவர், 16எஸ் முடிவு, கூடுதல் பிசிஆர், பிரதி வைத்த மையம், அனுமதி எண், அனுப்பிய ஆம்பூல் எண்ணிக்கை என்று வளர்ப்புக்கு ஒரு வரி. நாற்பதையும் நிரப்ப முடியாவிட்டால், நிரப்ப முடிந்த பத்தை வைத்து முதல் விண்ணப்பத்தைப் போடுங்கள்.